பதினோரு முடியாது

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் அது ஒன்றும் அதிசயமில்லை. அப்பாவை ஏழு வயதில் தறியில் உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா அதற்கும் முன்பே தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டையின் முன் உட்கார்ந்துவிட்டாள். நான் எட்டாவது படிக்கும்போதிருந்தே ரேஷன் கார்டு, கேஸ், நெசவாளர் சங்கம் என்று எந்தத் தாள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். பக்கத்து வீட்டாரும் தாளோடு வருவார்கள். அதில் எனக்கிருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மூடி வைத்து, "கொடுங்க, பாக்கறேன்" என்று பெரிய மனுஷி போலக் கை நீட்டுவேன்.

அப்படி நிரப்பி நிரப்பி எனக்கு ஒரு தேர்ச்சி வந்திருந்தது. கேட்பவர்களுக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதை எழுதுகிற தேர்ச்சி. எங்கள் வீட்டுத் தாள்களில் அப்பாவுக்கு மூன்று வெவ்வேறு வயது. மூன்றும் நான் எழுதியவை. ஓட்டு வீட்டைக் கூரை வீடு என்று எழுதியிருக்கிறேன். அதெல்லாம் பொய் என்று எனக்கும் தோன்றவில்லை, வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. "அது ஃபாரம்தானேமா" என்பார் அப்பா. ஃபாரத்தில் இருப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு.

என் தங்கைக்கு அப்படி இரண்டு கிடையாது.

அவள் எனக்கு எட்டு வயது இளையவள். ஐந்து வயது வரை பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது பாடப்புத்தகம் போலப் பேசினாள். "எனக்குப் பசிக்கவில்லை" என்பாள். "சத்தம் அதிகமாக இருக்கிறது" என்பாள். ஒன்பது வயதில் அரசு மருத்துவமனையில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தெருவில் அவளைப் பார்த்தால், செய்தி வாசிக்கிறவள் என்று கிண்டலாக, "இன்னாமா நியூஸு, இன்னிக்கு மழ வருமா?" என்று கேட்பார்கள். அவள் நின்று, வானத்தைப் பார்த்து, "மேகம் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது" என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள். அவர்கள் சிரிப்பது அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவளைப் பிளஸ் டூ வரை இழுத்து வந்தது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்வேன். கூடுதல் நேரம் கேட்டு மனு எழுதியது, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்துக் கிடந்தது, தினமும் மாலையில் உட்கார வைத்துப் படிக்க வைத்தது எல்லாம் நான். "எழுதறது சும்மா இல்ல. எழுதிட்டா அது நின்னுடும். யோசிச்சு எழுது" என்று அவளிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அவள் தன் கையாலேயே எழுதித் தேறினாள். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். பி.காம். சேர்க்க விண்ணப்பமும் போட்டுவிட்டேன்.

பள்ளி முடியும் தறுவாயில் அவள் வகுப்பில் 'பள்ளிக்குப் பிறகு நான்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். தேர்வு முடிவு வந்த பிறகு அந்தத் தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "எனக்கு வேலை வேண்டும். புடவை மடிக்கும் வேலை. காலை எட்டு மணிக்குப் போவேன். முதல் சம்பளத்தில் காதை மூடும் ஹெட்போன் வாங்குவேன். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு முன்னறை எனக்கு. என் திருமணம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை."

கடைசி வரிக்கு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு முதல் வரி உறைத்தது. அதற்கு முன்பு சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காந்தி ரோட்டுக் கடை ஒன்றுக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தோம். ஒரு புடவை எடுக்க நாற்பது புடவையைப் பிரித்துப் போடுவார்கள். பிரித்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் மாடியில் குவிப்பார்கள். அங்கே ஒரு பெண் யாரோடும் பேசாமல், பழைய மடிப்பிலேயே விரல் வைத்து, ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். கூட்டச் சத்தம் தாங்காமல் மாடிப்படிக்கு ஓடிய தங்கை இரண்டு மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா நெய்யறாரு, நீ மடிக்கப் போறியா? இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" என்றேன்.

"இல்லை. படிக்க வைத்தது தேர்ச்சி பெறுவதற்கு" என்றாள். "நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன்."

அந்தத் தாளை மடித்து அலமாரியில் போட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவளுக்குப் பதினெட்டு நிறைந்த மாதம், மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒருவர் சொன்னார்: இனி சட்டப்படி அவள் பெரியவள், அவளுக்காகப் பெற்றோர்கூடக் கையெழுத்துப் போட முடியாது, காப்பாளர் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று குழு இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது. காப்பாளர். "நாங்க போனப்புறம் இவளுக்கு யாருன்னு கவர்மெண்டே எழுதிக் குடுக்குமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. காப்பாளர் நான்தான் என்று முடிவானது. எனக்கும் அது சரியென்றே பட்டது. இத்தனை தாளில் கையெழுத்துப் போட்டவள், இதில் போட மாட்டேனா?

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடை. அங்கிருந்த பாய் பல வருடமாக இந்த ஃபாரங்களைப் பார்ப்பவர். விண்ணப்பத்தோடு ஒரு துணைத்தாள் இருந்தது. பன்னிரண்டு வரிகள். தானே உடுத்த, சமைக்க, தனியே பயணம் செய்ய, பணத்தைக் கையாள, ஆபத்தை உணர. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம். முடியும், முடியாது.

நான் முதல் வரிக்கு "முடியும்" என்று எழுதப் போனேன்.

"இரும்மா, இரு" என்றார் பாய். "பாதி முடியும் பாதி முடியாதுன்னு வெச்சிக்கினு போனா, அப்புறம் எதுக்குக் கார்டியன்னு கேப்பாங்க. நாலு மாசம் அலைய வுடுவாங்க. படிக்கத் தெரியும்னு மட்டும் போடு, மார்க் ஷீட் இருக்குது, மறைக்க முடியாது. மத்ததுக்கெல்லாம் முடியாதுன்னு போட்டுடு."

அவர் கெட்டவரில்லை. எனக்குத் தெரிந்த வித்தையைத்தான் அவரும் சொன்னார். பதினோரு முறை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பதினொன்றும் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருந்தன. கீழே அப்பாவும் அம்மாவும் பெருவிரல் வைத்தார்கள். வெளியே வந்து மூவரும் கரும்புச் சாறு குடித்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் குழு முன்னால் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புதன்கிழமை காலை பதினொரு மணி, தங்கையையும் கூட்டி வர வேண்டும், நகலாகக் கொடுத்த துணைத்தாளின் அசலைக் கொண்டுவர வேண்டும். செவ்வாய் சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மேசையில் வைத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். வடை கட்டி வரும் தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள் அவள்.

நான் சமையலறையில் இருந்தேன். அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"இதில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறது."

"ஆமா. நாளைக்குப் போறோமில்ல, அதுக்கு."

"என்னால் உடை உடுத்த முடியாது என்று எழுதியிருக்கிறது. நான் இப்போது உடை உடுத்தியிருக்கிறேன்."

"அது சும்மா ஃபாரம்மா. அப்பிடித்தான் எழுதணும்."

"எழுதுவது சும்மா இல்லை. எழுதினால் நின்றுவிடும்." கொஞ்சம் நிறுத்தி, "இது உன் கையெழுத்து" என்றாள்.

ராட்டையின் முன்னாலிருந்த அம்மா குரல் கொடுத்தாள்: "இன்னாடி அங்க? உனக்கு நல்லதுக்குத்தான் அக்கா எழுதுது. போய்ப் படு." அவள் போய்விட்டாள். கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால் நான் இன்னும் கவனமாக இருந்திருப்பேன்.

காலை ஏழரைக்கு நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கொல்லையில் இல்லை. தறி அறையில் இல்லை. மேசையில் ஃபைல் இல்லை. செருப்பு இல்லை.

அவள் ஒருநாளும் தனியாகத் தெருமுனை தாண்டியதில்லை. பள்ளிக்கே அப்பாதான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். அப்பா தறியை விட்டு எழுந்து, சட்டை போடாமல், போனும் துண்டுமாகக் குளத்துப் பக்கம் ஓடினார். அவர் ஏன் நேராகக் குளத்துக்கு ஓடினார் என்பது எனக்குப் புரிந்தது. அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டு போனாள். நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் அந்தத் தாள் கண் முன்னால் வந்துகொண்டிருந்தது. தனியே பயணம் செய்ய: முடியாது. ஆபத்தை உணர: முடியாது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தத் தாள் உண்மையாகிவிடும். நான் எழுதினபடியே ஆகிவிடும்.

நிறுத்தத்தில் பூ கட்டி விற்கும் அக்கா என்னைப் பார்த்ததும், "உன் தங்கச்சிதான? பஸ் ஏறிக்கினு போச்சே" என்றாள்.

"எந்த பஸ்ஸு அக்கா? யார் கூட?"

"யாரும் இல்ல, அதுவாத்தான். கண்டக்டர் கிட்ட, 'இந்தப் பேருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் செல்லுமா'ன்னு கேட்டுச்சு. அந்தாளு பயந்துபோயி, 'செல்லும் மேடம்'னுட்டான்." சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இன்னா, சொல்லாம போய்டுச்சா?"

அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்தது.

கலெக்டர் ஆபீஸ் தாழ்வாரத்தில் நீண்ட பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். மடியில் ஃபைல். கையில் பென்சில். அம்மா அவளைக் கட்டிக்கொள்ளப் போய், அவள் உடம்பு விறைப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஃபைல குடு" என்றேன்.

"தர மாட்டேன். இது என்னைப் பற்றியது."

பிடுங்கியிருக்கலாம். சுற்றிலும் ஐம்பது பேர். பிடுங்கினால் அவள் கத்துவாள், கத்தினால் அதுவே சாட்சியாகும், சான்றிதழ் உடனே கிடைக்கும். இப்படி ஒரு கணக்கு என் மனதில் ஓடியது. ஓடியதை எழுதித்தான் ஆக வேண்டும். கையை நீட்டவும் செய்தேன். பிறகு மடக்கிக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் அப்பாவும் சட்டை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அவருக்கு அடுத்து குழு உறுப்பினரான ஒரு பெண். அந்தப் பெண்ணின் நாற்காலியில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு கிளார்க் நின்றுகொண்டிருந்தார். தங்கை நேராகப் போய் ஃபைலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்லயே கிறுக்கி வெச்சிருக்கீங்களேமா!" என்றார்.

தாளின் ஓரம் முழுவதும் பென்சில் எழுத்து. அந்தப் பெண் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"உடுத்த: செய்கிறேன். முதுகுப்பக்கக் கொக்கி மட்டும் அம்மா. சமைக்க: சாதம் மட்டும். பயணம்:" அவர் நிறுத்தினார். அந்த வரிக்குப் பக்கத்தில் மகளிர் இலவச பஸ் டிக்கெட் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார். "இன்னிக்குத் தேதி" என்றார்.

"பணம்: கணக்கு வரும். யாராவது ஏமாற்றினால் தெரியாது. கோபத்தை அடக்க: சில நாட்கள் முடியாது. ஆபத்தை உணர: நெருப்பு, தண்ணீர், மின்சாரம் தெரியும். மனிதர்கள் தெரியாது."

நான் என் பதினோரு அழகான சொற்களைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேனோ, அவள் எழுதியதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தன்னால் முடியாததையும் என்னைவிட அவள் சரியாக எழுதியிருந்தாள்.

"பேனாவுல எழுதினது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"இன்னா படிச்சிருக்கீங்க?"

"எம்.காம்." என் வாழ்நாளில் அந்தப் பதிலை அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை.

அப்பா முன்னால் வந்து கும்பிட்டார். "சார், பெரிய பாப்பா மேல தப்பில்ல சார். ஃபாரத்துல அப்பிடித்தான் எழுதணும்னாங்க."

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. "கடைசி வரிக்கு இவங்க பென்சில்ல ஒண்ணும் எழுதல" என்றார். "பெற்றோருக்குப் பின் தனித்து வாழ. ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்காங்க." பிறகு என்னிடம், "நீங்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப சொல்லுங்க. முடியுமா, முடியாதா?"

முடியாது என்றால் இப்போதும் கையெழுத்தாகிவிடும் என்பது தெரிந்தது. அம்மா என் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தாள். தங்கை என்னைப் பார்க்கவில்லை. அவள் யாரையும் நேராகப் பார்க்க மாட்டாள். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"தெரியாது மேடம்" என்றேன். "நாங்க விட்டுப் பாத்ததே இல்ல."

"அடிப்பாவி" என்றாள் அம்மா.

அதிகாரி தாளை மூடினார். இப்படி இரண்டு பேர் கையால் எழுதின தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள், பிறகு எதற்காவது தேவைப்பட்டால் எதற்கென்று சொல்லிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்தப் பெண், "யாருக்காகக் காப்பாளர் கேக்கறீங்களோ அவங்களும் கையெழுத்துப் போடணும்" என்று சேர்த்துச் சொன்னார். பிறகு தங்கையிடம், "இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"புடவை மடிக்கப் போகிறேன்."

அவர் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. "சரி" என்றார்.

வெளியே மேசையில் திரும்பப் பெறும் தாளை நான் எழுதினேன். கிளார்க் மைப் பெட்டியைத் திறந்து தங்கையின் பக்கம் தள்ளினார். "கைநாட்டு வெச்சிடுமா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க." அம்மா பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக் கை அது, மைப் பெட்டியைக் கண்டதும் நீளும் கை. நான் மைப் பெட்டியை மூடினேன். தங்கை பேனாவை வாங்கி, இனிஷியலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வோர் எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். பின்னால் யாரோ, "இன்னா, கல்வெட்டா வெட்டறாங்க?" என்றார். அவள் நிறுத்தவில்லை.

அன்று இரவு அம்மா, "என் புள்ளைய நடுத்தெருவுல நிக்க வெச்சிட்ட" என்றாள். கடைசி வரியின் கேள்விக்குறி என்னையும் இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதம், காந்தி ரோட்டில் ஒரு கடையில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவின் முதலாளி வழியாகத்தான். காலை எட்டிலிருந்து பத்தரை வரை, கடை திறக்கும் முன், முந்தின நாள் பிரித்த குவியலை மாடியில் மடிக்க வேண்டும். பி.காம். சீட்டை விட்டுவிட்டோம். அதை எழுத எனக்கு இன்னும் வலிக்கிறது.

முதல் மூன்று நாள் சரியாகப் போனது. நான்காம் நாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கே வாசலில் வந்து நின்றாள், வியர்த்து, செருப்பில்லாமல். ஆடித் தள்ளுபடிக்காகக் கீழே பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புடவையைப் பாதி மடித்தபடி போட்டுவிட்டு நடந்தே வந்துவிட்டாள். யாரோடும் பேசாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அம்மா ராட்டையை நிறுத்தினாள். அவள் முகத்தில் 'நான் சொன்னேனே' என்பது இல்லை, பயம்தான் இருந்தது. என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஃபாரம் இன்னும் கெடைக்குமாடி?"

"கிடைக்கும்" என்றேன். "எப்ப வேணா போடலாம்."

"போட்டுடேன். இந்த வாட்டி ஒழுங்கா எழுதி."

கட்டில் பக்கம் பார்த்தேன். இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. உள்ளங்காலில் தார் ரோட்டில் நடந்த சிவப்பு. போய் எண்ணெய் தடவ வேண்டும் போலிருந்தது. தொட்டால் பிடிக்காது என்பதால் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கட்டிலருகே வைத்தேன்.

"அவ எழுந்திருக்கட்டும்மா. அவள கேட்டுட்டு எழுதறேன்."

"எழுந்திரிச்சி இன்னா சொல்லப் போறா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நாளை ஞாயிறு. கடை உண்டு, ஆனால் எனக்கு விடுமுறை. திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் பற்றி அக்கா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். இப்போது ராட்டையை ஓட்டாதீர்கள். சத்தமாக இருக்கிறது."